நுங்குக் கோம்பையும் இரண்டரை வயதும்

இரண்டு வயதுப் பிள்ளையின் கைவேலை என்று சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்தால், அதை உண்மையில் யார் செய்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிடும். சூரியன் வட்டமாக இருந்து, கதிர்களுக்கு நடுவே இடைவெளி சமமாக இருந்து, ஒட்டின கண் இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் அது ரீச்சர் செய்தது. பிள்ளை செய்ததென்றால் கண் இரண்டும் ஒரே மூலையில் கிடக்கும். அல்லது ஒரு கண்தான் இருக்கும். மற்றதைப் பிள்ளையின் வாய்க்குள் தேட வேண்டும்.

கொழும்புத்துறையில் சின்னதாக ஒரு பகல் பராமரிப்பு நிலையம் நடத்துகிறேன். ஒன்றரை வயதிலிருந்து மூன்றரை வயது வரையான பிள்ளைகள். தாய்மாரில் சிலர் விடியப்புறமே பாசையூர் மீன் சந்தைக்குப் போகிறவர்கள். சிலருக்குப் பட்டணத்தில் வங்கியிலோ கடையிலோ வேலை. சித்திரை பிறந்ததும் எல்லாருடைய போனிலும் ஒரே மாதிரிப் படங்கள் வந்து விழும்: கடதாசித் தட்டில் நண்டு, ஐஸ்பழக் குச்சியில் படகு, பஞ்சு ஒட்டின மேகம். “ரீச்சர், எங்கட பிள்ளையளுக்கும் இப்பிடிச் செய்விக்கலாமே?” என்று காட்டுவார்கள். செய்விக்கலாம். நான் வெட்டி, நான் பசை பூசி, பிள்ளையின் விரலைப் பிடித்து ஒருமுறை அழுத்தினால் நண்டு வந்துவிடும். அந்த அரைமணித்தியாலமும் பிள்ளை கதிரையில் சும்மா இருக்க வேண்டும் என்பதுதான் சங்கடம். சும்மா இருக்கிற இரண்டு வயதை நான் இன்னும் காணவில்லை.

சின்னப் பிள்ளையின் கை, பெரியவர்களின் கையைச் சிறிதாக்கிச் செய்த ஒன்றில்லை. பெரியவரின் மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு. பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் அவற்றில் ஒன்றும் தெரியாது, எல்லாம் குருத்தெலும்பு. முதல் சில மாதங்களில் இரண்டு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். மூன்று வயதளவில் மூன்று. கடைசி எலும்பு முற்றுவதற்கு ஒன்பது வயதுக்கு மேலாகும். இந்தக் கையிடம்தான் நாங்கள் கத்தரிக்கோலைக் கொடுத்துக் கோட்டில் வெட்டு என்கிறோம். பத்து மாதப் பிள்ளை பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துச் சோற்றுப்பருக்கையைப் பொறுக்கும். ஒன்றரை வயதில் பென்சில் கொடுத்தால் விரல் அசையாது. தோளும் முழங்கையும் அசைந்து கிறுக்கும். வட்டம் போல ஒன்று மூடி வருவதற்கு மூன்று வயதாகும். அமெரிக்காவில் சன் பிரான்சிஸ்கோ நகரில் ரோடா கெலாக் என்ற முன்பள்ளி ஆசிரியை பல நாட்டுப் பிள்ளைகளின் படங்களை இலட்சக்கணக்கில் சேர்த்து வைத்துப் பார்த்து, கிறுக்கலிலேயே 20 அடிப்படை வகைகள் இருக்கின்றன என்று 1969இல் புத்தகம் எழுதினார். கிறுக்கலை அவ்வளவு மரியாதையாகப் பார்த்த ஒருத்தி இருந்தாள் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அதனால் எங்கள் நிலையத்தில் கைவேலை என்றால் கிழிப்பது, பிசைவது, ஊற்றுவது, உருட்டுவது, குத்துவது. முடிவில் ஒரு பொருள் வந்தால் வரட்டும்.

கலர்க் கடதாசியை நான் விட்டது கொள்கைக்காக இல்லை, விலைக்காக. 2022 மார்ச்சில் கடதாசி இறக்க நாட்டில் டொலர் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே ஒத்திவைத்தார்கள். அந்த நேரம் நான் கலர்க் கடதாசிக் கட்டின் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். வந்து படலையைத் திறந்தால் வேலியில் பூவரசு, வளவுக்குள் தென்னை, பின்னால் பனை. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாமல், பற்றரிகூடத் தடைப்பட்டியலில் இருந்த காலத்தில் எங்கள் தம்பி தங்கச்சிமார் எதை வைத்து விளையாடினார்கள் என்று அப்போதுதான் யோசித்தேன். பொருட்கள் எல்லாம் அப்படியே நின்றன.

சித்திரை, வைகாசி என்றால் நுங்கு. சந்தியில் சைக்கிளில் கட்டி விற்கிறவரிடம் குலையாக வாங்கினால், குடித்து முடிந்த பிறகு கோம்பை மிஞ்சும். மூன்று குழியுள்ள கோம்பையை வெட்டின பக்கம் கீழே வரப் பிடித்து, நிறத்தில் தோய்த்து, பழைய வேட்டித் துண்டில் குத்தினால் முகம் போல ஒரு அச்சு விழும். ஒரு பிள்ளை அதைப் பூனை என்றது, இன்னொன்று அப்பப்பா என்றது. கோம்பை இரண்டு வயதுக் கைக்கு அளவானது. விரல் நுனியால் பிடிக்கத் தேவையில்லை, உள்ளங்கை முழுக்க நிறையும், கனம் இருக்கிறபடியால் அழுத்தவும் வேண்டாம். உருளைக்கிழங்கில் அச்சு வெட்டிக் கொடுப்பதைவிட இது மேல். மூன்றரை வயதுக்காரருக்கு இரண்டு கோம்பையைத் தடியில் கோத்து, கவர்த்தடியால் தள்ளுகிற வண்டில் செய்து கொடுப்போம். செய்வது நாங்கள், தள்ளுவது அவர்கள். கோம்பையை மறுநாள் வரை வைத்திருக்கக் கூடாது; எறும்பும் இலையானும் மொய்த்துவிடும்.

நிறத்துக்குக் கடைக்குப் போவதில்லை. பசளிப்பழம் நசித்தால் கத்தரிப்பூ நிறம். மஞ்சளைக் கஞ்சியில் குழைத்தால் மஞ்சள். பீற்றூட் துருவிப் பிழிந்தால் சிவப்பு. சங்குப்பூவைச் சுடுதண்ணீரில் போட்டு வைத்தால் கடும் நீலம் இறங்கும். ஆறின பிறகு அதில் நான் இரண்டு சொட்டுத் தேசிப்புளி விடுவேன், நீலம் ஊதாவாகும். பூவிலுள்ள நிறப்பொருள் புளிப்புக்கு அப்படி மாறும் என்பது பெரிய வகுப்புப் பாடம். என் பிள்ளைகளுக்கு அது “ரீச்சர், திரும்ப!” மட்டும்தான். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி நிறம் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் வெந்துவிடும். அது இந்த வயதுக்காரரின் பக்கத்திலேயே வேண்டாம்.

ஓலைக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் ஓலை என்றவுடன் எல்லாருக்கும் பின்னல்தான் ஞாபகம்: பெட்டி, சுளகு, கடகம், நீத்துப்பெட்டி. 1978இல் பனை அபிவிருத்திச் சபை தொடங்கின பிறகு வண்ணக் கூடைகளும் கைப்பைகளும் கண்காட்சிக்குப் போகத் தொடங்கின. எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஆச்சி ஒருவர் இன்னமும் சத்தகத்தால் ஓலை வார்ந்து பெட்டி இழைப்பார். அவரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளுக்கு முன்னால் இருத்தினேன். “இதுகளுக்கு நான் என்னத்தைப் பிள்ளை பழக்கிறது? வாயில வைக்குதுகள்” என்றார். பழக்க வேண்டாம் ஆச்சி, நீங்கள் சும்மா இழையுங்கோ என்றேன். அவர் இழைத்தார். பிள்ளைகள் சுற்றி இருந்து, வார்ந்து எறிந்த துண்டுகளைப் பொறுக்கினார்கள், கிழித்தார்கள், கடகத்துக்குள் போட்டார்கள், கொட்டினார்கள், திரும்பப் போட்டார்கள்.

ஓலை நீளப்பக்கமாகக் கிழியும், குறுக்கே கிழியாது. இதை ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. குறுக்கே இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, ஓலையைத் திருப்பிப் பிடித்துச் சர்ரென்று கிழித்த ஒரு பெண்பிள்ளையின் முகத்தை நான் பார்த்தேன். கடதாசி எந்தப் பக்கமும் கிழியும். அதில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. ஆனால் எந்த ஓலை என்பது முக்கியம். முற்றின பனையோலையின் விளிம்பு கையை வெட்டும். தென்னங்குருத்தோலை மெத்தென்றிருக்கும், நிறமும் வெளிறின மஞ்சள், கிழிக்கச் சுகம். ஈர்க்கைப் பெரியவர்கள் முதலே உருவி எடுத்துவிட வேண்டும். அதன் நுனி கண்ணுக்கு ஆபத்து. சாயம் போட்ட ஓலைத் துண்டுகளையும் நான் கொடுப்பதில்லை. கூடைக்குப் போடுகிற சாயம் கூடைக்குத்தான், பிள்ளையின் வாய்க்கில்லை.

குருத்தோலை மிஞ்சினால் எங்கள் உதவி ரீச்சர் கிளி, பாம்பு, மணிக்கூடு எல்லாம் மடித்துக் கொடுப்பார். மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு நேரம் சொல்லுகிறவர்கள் உண்டு. எப்போதும் ஒரே நேரம்தான்: “பாண் சாப்பிடுற நேரம்.”

பிசைவதற்குக் களிமண் எங்கள் பக்கம் இல்லை. கடற்கரை மண் பிடிபடாது. கடையில் விற்கும் நிறக் களி விலை, அதோடு எல்லா நிறமும் ஒரே நாளில் மண்ணிறமாகிவிடும். வீட்டு மா போதும். இரண்டு கோப்பை கோதுமை மா, ஒரு கோப்பை உப்பு, ஏறத்தாழ ஒரு கோப்பை தண்ணீர், ஒரு கரண்டி நல்லெண்ணெய். உப்பு இருப்பதால் மூடிவைத்தால் சில நாள் பழுதாகாது. இதே உப்புதான் பயமும். ஒரு கட்டி விழுங்கினால் சின்ன உடம்புக்கு அது அளவுக்கு மிஞ்சின உப்பு. எனவே எதையும் வாயில் வைத்துப் பார்க்கிற வயதுக்கு உப்பில்லாத மா, அன்றன்று குழைத்து அன்றன்றே கொட்டுவது. பச்சை மாவை வெளிநாடுகளில் இப்போது பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறார்கள், அவிக்காத மாவில் கிருமி இருக்கக்கூடும் என்பதால். யாழ்ப்பாணத்துக் குசினிக்கு அது பிரச்சினையே இல்லை. புட்டுக்கும் இடியப்பத்துக்கும் கோதுமை மாவை அவித்து அரித்து வைப்பது எங்கள் பழக்கம்தானே. ஒரு வித்தியாசம்: அவித்த மா இழுபடாது, உதிரும். பச்சை மாவின் இழுவைக்குக் காரணமான புரதம் சூட்டில் இறுகிவிடுகிறது. அவித்த மாவைச் சுடுதண்ணீர் விட்டுக் குழைத்து இடியப்ப உரலில் போட்டுக் கொடுத்தால், இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தொங்குவார்கள். உரல் பிழிவதற்கு வேண்டிய பலம் அவர்களிடம் இல்லை, ஆசை இருக்கிறது. அடியிலிருந்து ஒரு நூல் எட்டிப் பார்த்தாலே ஊர் கூடிவிடும்.

இதெல்லாம் காலை ஒன்பதரைக்குள் முற்றத்தில், அதற்குப் பிறகு விறாந்தையில். சித்திரை பிறக்கிற நாட்களில் யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிற்கும். நண்பகலில் வேலிக் கதியாலின் நிழல் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். காலையில் நிழல் நீளமாக இருக்கும்போது பிள்ளையை நிற்கவிட்டு, நிழலைச் சுற்றிக் கரியால் கோடு கீறுவோம். கோட்டுக்குள் தன் நிழலை வைத்திருக்க வேண்டும் என்று அசையாமல் நிற்கப் பார்ப்பார்கள். சும்மா இருக்கிற இரண்டு வயதுக்குக் கிட்ட வந்தது அந்த நேரம் ஒன்றுதான், அதுவும் ஒரு காகம் வந்து இறங்கும் வரைக்கும்.

தண்ணீர் வேலையும் உண்டு. சிரட்டையால் அள்ளி மற்றச் சிரட்டையில் ஊற்றுவது. மரியா மொண்டிசோரி 1907இல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தொடங்கிய பிள்ளைகள் இல்லத்திலிருந்து வளர்ந்த முறையில், ஊற்றுவதும் துடைப்பதும் மடிப்பதும்தான் முக்கிய பயிற்சிகள். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர். போர் காரணமாக இத்தாலிக்குத் திரும்ப முடியாமல் இந்தியாவிலேயே தங்கி, கொடைக்கானலிலும் இருந்து, 1944இல் இலங்கைக்கும் வந்து போனார். இன்று எங்கள் நாட்டில் அவருடைய பெயரில்லாத நேர்சரிப் பலகையைக் காண்பது அரிது. உள்ளே போனால் சிரட்டையும் வாளியும் இருக்குமா என்பது வேறு கேள்வி. நான் சொல்ல வந்தது இதுதான்: ஊற்றுகிற பிள்ளை படம் எடுத்து அனுப்புகிற மாதிரி ஒன்றும் செய்வதில்லை, ஆனால் மணிக்கட்டு திரும்பப் பழகுவது அங்கேதான். பின்னால் பேனை பிடிக்கப் போவதும் அதே மணிக்கட்டு.

வாளியில் நாலு விரல் தண்ணீர் இருந்தாலும் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்க வேண்டும். தலை கனத்த வயது, குப்புற விழுந்தால் எழும்பத் தெரியாது. வேலை முடிந்ததும் சிரட்டைகளைக் கவிழ்த்து அடுக்கவும் வேண்டும். மழை ஒன்று பெய்து சிரட்டையில் தண்ணீர் தேங்கினால் ஒன்றரைக் கிழமைக்குள் டெங்கு நுளம்பு முட்டையிட்டு வளர்ந்து பறந்துவிடும். பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கைவேலைக்குச் சேர்த்தது என்று சொல்லித் தப்ப முடியாது.

வைகாசிக்குப் பிறகு சோளகம் எழும்பும். கொழும்புத்துறை கடல்நீரேரியைப் பார்த்தபடி இருக்கிற ஊர். இறங்குதுறைப் பக்கம் காற்றுக்குத் தடையே இல்லை. பட்டக் காலம் தையில், வாடையில். சோளகத்துக்கு ஓலைக் காற்றாடி. எங்கள் காலத்தில் முள்ளில் குத்திச் சுழலவிடுவோம்; இப்போது முள்ளும் வேண்டாம், பிள்ளையின் கையிலும் வேண்டாம். காற்றாடிகளை வேலியில் வரிசையாகக் கட்டிவிடுகிறோம். பிள்ளைகளின் கையில் குருத்தோலை நாடா மட்டும், அதுவும் ஒரு சாணுக்கு மேல் நீளாமல். நீளமான கயிறு கழுத்தில் சுற்றும்.

ஆடி முதலாம் திகதி, அதாவது ஜூலை நடுவில், ஆடிப்பிறப்பு. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பாடி வைத்ததால் இந்த நாள் கூழும் கொழுக்கட்டையுமாக யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். 1953இல் மறைந்த அவர் பனையைப் புகழ்ந்து தாலவிலாசமும், சின்னப் பிள்ளைகளுக்காகக் கத்தரி வெருளியும் எழுதினவர். கூழ் குடிப்பது பலாவிலையில். இலையைக் கோலி ஈர்க்கால் குத்தினால் கிண்ணம். குத்துவது எங்கள் வேலை. மற்றதெல்லாம் பிள்ளைகளின் வேலை: பலா மரத்தடியில் பெரிய இலை எது என்று தேடுவது, ஈரத் துணியால் இரண்டு பக்கமும் துடைப்பது, கோலின இலை விரியாமல் இறுக்கிப் பிடிப்பது. பிடித்துக்கொண்டிருக்கிற அந்தச் சில நொடியில் எத்தனை தசை வேலை செய்கிறது என்று பாருங்கள். பாதிக் கிண்ணம் ஒழுகும். பனங்கட்டிக் கூழ் என்றபடியால் ஒழுகினதை நக்குவதற்கும் ஆட்கள் உண்டு. கூழை நன்றாக ஆறவிட்டுத்தான் ஊற்றுவோம்.

ஆவணிக்குள் பனங்காய் விழத் தொடங்கும். களியைப் பிசைந்து எடுத்தால் செம்மஞ்சள் நிறம். விரலால் பூச அதைவிட நல்ல நிறம் கடையில் இல்லை, வாயில் வைத்தாலும் குற்றமில்லை. காறல் என்று முகத்தைச் சுளிப்பார்கள், அவ்வளவுதான். களி போன கொட்டையைக் கழுவி வெயிலில் காயவைத்தால் தும்பு மயிர் போல எழும்பி நிற்கும். தலை இழுக்காத பிள்ளையைச் சூப்பின பனங்கொட்டை என்று நாங்கள் ஏசுவது இதை வைத்துத்தான். அந்தக் கொட்டைக்கு ஒரு சீப்பைக் கொடுத்துத் தலை இழுக்கச் சொன்னால், காலையில் தன் தலையில் சீப்பு வைக்கவிடாத பிள்ளைகூட மெனக்கெட்டு இழுக்கும். ஒன்றுக்குப் பொட்டும் வைத்தார்கள்.

அதே காலத்தில்தான் நல்லூர்த் திருவிழா. 25 நாள், 24ஆம் நாள் தேர். தாயின் இடுப்பில் இருந்து தேரைப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளை, வளவில் கிடக்கிற எதையும் தேராக்கிவிடும். குரும்பட்டித் தேர் எங்கள் பழைய விளையாட்டு: தென்னையடியில் விழும் குரும்பட்டிகளை ஈர்க்கால் கோத்து அடுக்கடுக்காக எழுப்புவது. ஈர்க்குக் குத்துகிற வேலை எட்டு வயதுக்கு உரியது. மூன்று வயதுக்கு நாங்கள் குரும்பட்டியை மாவில் புதைத்து அடுக்கக் கொடுக்கிறோம். சரியும், திரும்ப அடுக்குவார்கள். சின்னக் குரும்பட்டிகளை முதலே விலக்கிவிடுவேன். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் விளையாட்டுப் பொருளுக்கு உலகம் முழுக்க ஒரு சோதனைக் குழாய் உண்டு. அதன் அகலம் ஏறத்தாழ 3.2 சென்ரிமீற்றர். அதற்குள் முழுதாக அடங்குவது தொண்டையிலும் அடைக்கும். முன்பு கமராப் பிலிம் வந்த பிளாஸ்ரிக் டப்பா கிட்டத்தட்ட அதே அளவு. என்னிடம் ஒன்று இருக்கிறது. சிப்பி, சோகி, கொட்டை, பொத்தான் எல்லாம் முதலில் அதற்குள் போய்ப் பார்த்துத்தான் மேசைக்கு வரும்.

வளவில் கிடைப்பதெல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. கோயிலுக்குப் பூ ஆய்வதற்காக வீட்டுக்கு வீடு நிற்கிற மஞ்சள் அலரியின் காயும் விதையும் இதயத் துடிப்பைக் குழப்பிவிடும். யாழ்ப்பாணத்துக்காரருக்கு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. குன்றிமணி இன்னொன்று. சிவப்பும் கறுப்புமாக வடிவாக இருக்கிறது என்று மாலை கோப்பதற்கு எடுப்பார்கள். முழுதாக விழுங்கினால் கடினமான தோல் நஞ்சை உள்ளேயே வைத்திருக்கக்கூடும். கோப்பதற்காகத் துளைத்த குன்றிமணியில் அந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது. எருக்கலம்பால், ஆமணக்கு விதை இவையும் வேண்டாம். வேறொருவர் வளவில் பொறுக்கிக்கொண்டு வந்த பையைப் பிள்ளைகளுக்கு முன்னால் கொட்டாமல், முதலில் சுளகில் பரப்பிப் பார்க்கிறோம்.

மழைக்கும் வெயிலுக்கும் போனைக் கொடுத்து இருத்தலாமே என்று கேட்கிறவர்களுக்கு, உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதைச் சொல்வேன்: ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். அந்த ஒரு மணித்தியாலத்தை வீட்டிலேயே முடித்துக்கொண்டுதான் என்னிடம் அனுப்புகிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

பெற்றாருடன் எனக்கு இருக்கிற ஒரே வழக்கு, பின்னேரம் கூட்டிப்போக வரும்போது வருகிற கேள்வி: “இண்டைக்கு என்ன செய்தவன்? ஒண்டும் குடுத்துவிடேல்லையே?” கொடுத்துவிட ஒன்றும் இல்லாத நாட்கள்தான் கூட. மா திரும்ப உருண்டையாகிவிட்டது, ஓலைத் துண்டு கடகத்துக்குள், தண்ணீர் செவ்வரத்தைக்கு அடியில். எனவே படலையடியில் ஒரு பழைய கரும்பலகை வைத்திருக்கிறேன். அன்றைக்கு ஒவ்வொரு பிள்ளையும் எதைச் செய்தது என்று ஒரு வரி எழுதிவிடுவேன்: “சிரட்டை நிறைய ஊற்றினான், கடைசியில் சிந்தவில்லை.” “ஓலையை நீளப்பக்கம் கிழிக்கக் கண்டுபிடித்தாள்.” சில தாய்மார் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். கடதாசி நண்டுக் காலத்தில் பெற்றார் தினக் கண்காட்சிக்கு வாங்கின ஒட்டுக் கண்களில் ஒரு முழுப் பெட்டி அலுமாரியில் மிச்சம் கிடக்கிறது. பிலிம் டப்பாவுக்குள் போட்டுப் பார்த்தேன், அம்பது கண் அடங்குகிறது. பெரிய பிள்ளைகள் படிக்கிற பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடப் போகிறேன்.